'ஷீட் ஃப்ளோ': தகட்டு ஓட்டமா, படரோட்டமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தண்ணீரும் கோரையுமாய்ப் பரந்து கிடக்கும் எவர்கிளேட்ஸ் பற்றிய நம் தமிழ்க் கட்டுரையின் வரைவைப் படித்துத் திருத்தங்கள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலானவற்றைச் சேர்த்துவிட்டேன். மூன்றாம் பத்தியில் வரும் ஒரே ஒரு சொல்தான் மூன்று நாளாக என்னை நகரவிடவில்லை: தண்ணீர் அகலமாகப் பரந்து மெல்ல நகர்வதைச் சொல்லும் 'ஷீட் ஃப்ளோ'. அதற்கு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஷீட் ஃப்ளோ என்பதற்குத் தகட்டு ஓட்டம் என்றே போட்டுவிடலாம். ஷீட் என்றால் தகடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க நிறைய இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஷீட் என்ற ஒரு சொல் காகிதத்துக்கும் படுக்கைக்கும் இரும்புக்கும் கூரைக்கும் வருகிறது. நமக்கு அவை தாள், விரிப்பு, தகடு என்று வேறு வேறு. அதில் எதை எடுத்து முன்னால் ஒட்டினாலும் மெல்லியது, தட்டையானது என்ற குணம் மட்டும்தான் வந்து சேரும். அந்தத் தண்ணீரின் முக்கியமான குணமோ அது அல்ல. அகலமாக, கரையே இல்லாமல், மிக மெதுவாக, ஆனால் விடாமல் நகர்கிறது என்பதுதான். இந்த நகர்வைக் காணாமல் விட்டதில் ஃபுளோரிடா மாநிலம் நூறு வருடம் தவறான கணக்குப் போட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபுளோரிடாவின் தென்பாதியில் ஓகிச்சோபி என்று ஒரு பெரிய ஏரி. முன்பெல்லாம் மழைக்காலத்தில் அது நிரம்பித் தென்கரை வழியே வழியும். வழிந்த தண்ணீரும் அந்தச் சமவெளியில் பெய்த மழையும் சேர்ந்து, 60 மைல் வரை அகலம், ஏறத்தாழ 100 மைல் நீளத்துக்குத் தெற்கே கடலை நோக்கிப் போகும். நிலத்தின் வாட்டம் மைலுக்கு இரண்டு அங்குலம் அளவுதான். ஆழம் முழங்கால், சில இடங்களில் இடுப்பு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 அடி நகரும். தண்ணீர் முழுக்கக் கோரை அடர்ந்து நிற்பதால் நகர்வது கண்ணுக்குத் தெரியாது.

(அந்தக் கோரையை ஆங்கிலத்தில் ரம்பப் புல் என்கிற பொருளில் அழைக்கிறார்கள். தாவரவியல்படி அது புல் அல்ல, கோரைக் குடும்பம்தான். கட்டுரையில் 'வாள்கோரை' என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.)

இரண்டு வருடம் முன்பு ஓர் அக்டோபரில், மழைக்காலம் முடிகிற நேரம், மியாமியிலிருந்து மேற்கே டாமியாமி டிரெயில் சாலையில் போனேன். வலது பக்கம், அதாவது வடக்கே, சாலையை ஒட்டி நேர்க்கோடாக ஒரு வாய்க்கால். இடது பக்கம் கண்ணுக்கு எட்டியவரை கோரை. ஓரிடத்தில் இறங்கித் தெற்குப் பக்கத்துக் கரையில் குந்தினேன். ஒரு நாரையின் வெள்ளை இறகு கோரைத் தண்டில் ஒட்டிக்கொண்டு மிதந்தது. காற்று துளியும் இல்லை. தண்ணீர் நிற்கிறது என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இறகு அடுத்த தண்டில் இருந்தது. ஓர் அடி தூரம் போயிருக்கும். நாளைக்கு 100 அடி என்று படித்த கணக்கு அங்கேதான் எனக்கு உறைத்தது.

இனி அரசியலுக்கு வருகிறேன். 1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சதுப்பும் வெள்ளம் படிந்ததுமான நிலங்களை அந்தந்த மாநிலத்துக்கே கொடுத்துவிடுவது, விற்ற பணத்தில் மாநிலம் அவற்றை வடித்துக்கொள்வது என்று. ஃபுளோரிடாவுக்கு அப்படி வந்தது ஏறத்தாழ 2 கோடி ஏக்கர். சட்டத்தில் இருக்கும் சொற்களைக் கவனியுங்கள்: சதுப்பு, வெள்ளம் படிந்தது. இரண்டும் நிற்கிற தண்ணீரைச் சொல்லும் சொற்கள். நிற்கிற தண்ணீர் என்றால் வீணான தண்ணீர், அடியில் இருப்பது வீணாகக் கிடக்கிற நிலம்.

1881இல் ஹாமில்டன் டிஸ்டன் என்ற பிலடெல்பியா ஆலை முதலாளி ஏக்கர் 25 சென்ட் விலையில் 40 லட்சம் ஏக்கர் வாங்கினார். கடனில் முழுகி இருந்த மாநில நிதியம் அந்த 10 லட்சம் டாலரில்தான் மூச்சு விட்டது. அவர் ஏரிக்கு வடக்கே கிஸ்ஸிமி பக்கம் வாய்க்கால் வெட்டினார், ஓகிச்சோபி ஏரியை மேற்கே கலூசஹாச்சி ஆற்றோடு இணைத்தார். தெற்கே இருந்த பெரிய கோரைக்காடு அப்படியே இருந்தது.

அடுத்து வந்தவர் நெப்போலியன் போனபார்ட் பிராவர்ட். ஆம், அதுதான் அவர் பெயர். ஆற்றுப்படகு ஓட்டியவர், ஷெரீப்பாக இருந்தவர், கியூபாப் புரட்சிக்காரர்களுக்குத் தன் படகில் துப்பாக்கி கடத்திக் கொடுத்தவர். 1904 தேர்தலில் எவர்கிளேட்ஸை வடிப்பேன் என்று சொல்லியே ஆளுநரானார். அவருடைய வாதம் எளிது: ஏரி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 20 அடி மேலே இருக்கிறது, தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும், வாய்க்கால் வெட்டினால் போதும். இதில் ஏழைகள் அரசியலும் இருந்தது. அந்த நிலங்கள் தங்களுக்குத் தருவதாக வாக்களிக்கப்பட்டவை என்று ரயில்வே கம்பெனிகள் வழக்காடிக்கொண்டிருந்தன. கம்பெனிக்கு அல்ல, சிறு விவசாயிக்கு என்று பிராவர்ட் மேடையில் பேசினார். வடிகாலுக்கு வரி போட்டார், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1906இல் தண்ணீருக்கடியில் தோண்டி அள்ளும் டிரெட்ஜர் எந்திரங்கள் வேலையைத் தொடங்கின.

பணம் போதவில்லை. 1908இல் ரிச்சர்ட் போல்ஸ் என்பவருக்கு 5 லட்சம் ஏக்கரை ஏக்கர் 2 டாலருக்கு விற்றார்கள். அவர் பத்து ஏக்கர் 240 டாலர், மாதம் 10 டாலர் தவணை என்று, நிலத்தைப் பார்த்தே இராத வடமாநிலத்துக்காரர்களிடம் விற்றார். மழை அளவைக் குறைத்துக் கணக்கிட்ட பொறியாளர் அறிக்கை ஒன்றும் அந்த விற்பனைக்கு உதவியது. வந்து இறங்கியவர்கள் பார்த்தது முழங்கால் தண்ணீர். 1912இல் விவகாரம் வாஷிங்டனில் விசாரணைவரை போயிற்று. சிறு விவசாயிக்கு என்று தொடங்கியது சிறு விவசாயியின் சேமிப்பைத் தின்றதில் முடிந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கிற இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று 1928. வாய்க்கால் வெட்டிய பிறகு ஏரியின் தென்கரையில் ஊர்கள் வந்துவிட்டன. அவற்றைக் காக்க மண்ணால் தாழ்வான ஒரு கரை போட்டிருந்தார்கள். செப்டம்பர் 16 இரவு புயல் ஏரியைத் தூக்கி அந்தக் கரைமேல் அடித்தது. குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள். வெஸ்ட் பாம் பீச்சில் சவப்பெட்டிகள் வெள்ளையருக்குப் போயின. கறுப்பினத்தவர் 674 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஏரியைச் சுற்றிப் பெரிய கரை எழுந்தது. ஏரி தெற்கே வழிவதும் அதோடு நின்றது.

அதே 1928, ஏப்ரலில்தான் டாமியாமி டிரெயில் திறக்கப்பட்டது. டாம்பா, மியாமி இரண்டு பெயரும் சேர்ந்த பெயர் அது. 1915 வாக்கில் தொடங்கி, பணம் இல்லாமல் நின்று, கடைசியில் டிராம் வண்டி விளம்பரத்தில் பணம் சேர்த்த பாரன் காலியர் பொறுப்பேற்றார். 10 லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கிவைத்திருந்தவர் அவர். சாலையை முடித்துத் தருகிறேன், அதற்கு எனக்கென்று ஒரு மாவட்டம் பிரித்துத் தாருங்கள் என்பது பேச்சு. 1923இல் சட்டமன்றம் பிரித்தும் கொடுத்தது. இன்றும் அது காலியர் கவுன்ட்டிதான்.

சாலை போட்ட விதம் நம் விவாதத்துக்கு முக்கியம். அடியில் சுண்ணாம்புப் பாறை. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று துளை போட்டார்கள். மாட்டு வண்டியில் டைனமைட் வந்தது, 25 லட்சம் குச்சிகளுக்கு மேல் வெடித்தார்கள். உடைந்த பாறையை டிரெட்ஜர் அள்ளிப் பக்கத்தில் கொட்டியது. கொட்டிய இடம் சாலை, அள்ளிய இடம் வாய்க்கால். ஒரே வேலையில் இரண்டும் பிறந்தன. நான் சொன்ன வடபக்க வாய்க்கால் அதுதான். (ஆங்கிலத்தில் இதை 'பாரோ கனால்' என்பதால், வரைவில் இதற்கு 'இரவல் வாய்க்கால்' என்று யாரோ போட்டிருந்தார்கள். இரவல் என்றால் திருப்பித் தர வேண்டும். 'மண்ணெடுப்பு வாய்க்கால்' என்று மாற்றியிருக்கிறேன்.)

இப்போது சாலையை மேலிருந்து பாருங்கள். தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. சாலை கிழக்கு மேற்காக அதன் குறுக்கே படுத்திருக்கிறது. நின்ற தண்ணீர் என்றால் குறுக்கே என்ன போட்டால் என்ன? ஓடுகிற தண்ணீர் என்றால் அது சாலை அல்ல, அணை. தெற்கே 1947இல் தேசியப் பூங்காவைத் திறந்து வைத்தார்கள். அந்தப் பூங்காவுக்குப் போக வேண்டிய தண்ணீர் சாலைக்கு வடக்கே மறிபட்டது. 2013இல்தான் ஒரு மைல் நீளத்துக்குச் சாலையை உயர்த்திப் பாலமாக்கினார்கள். பிறகு மேற்கே இன்னும் 2 மைலுக்கு மேல்.

அதே 1947இல் எழுத்தாளர் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் தன் நூலில் அந்த இடத்தைச் சதுப்பு என்னாமல் புல்லால் ஆன ஆறு என்று எழுதினார். அந்த ஒரு பெயரால் மக்கள் அதைப் பார்க்கிற பார்வையே திரும்பியது. அங்கேயே வாழ்கிற பழங்குடி மக்கள் முன்பே பா-ஹே-ஓகீ, புல்நீர், என்றுதான் அழைத்து வந்திருக்கிறார்கள்.

ஆகவே நம் சொல்லில் இரண்டு வேண்டும்: அகலமும் நகர்வும். என் முன்மொழிவு படரோட்டம். படர் + ஓட்டம், வினைத்தொகை. படர்ந்த, படர்கிற, படரும் ஓட்டம், மூன்றுக்கும் பொருந்தும். வினையாகவும் எழுதலாம்: தண்ணீர் படர்ந்தோடுகிறது. தகட்டு ஓட்டத்தில் அது முடியாது.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

---

மறுமொழி (பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர்)

தம்பிக்கு,

முழுக்கப் படித்தேன். தகடு வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் படரோட்டத்தில் இரண்டு சங்கடம் இருக்கிறது.

ஒன்று, படர்வது கொடி, தீ, தேமல். படர்தாமரை என்று தோல் நோயே இருக்கிறது. தண்ணீருக்கு எங்கள் பக்கம் பரவுதல் என்றுதான் பேச்சு. 'தண்ணி பரவிடுச்சா?' என்றுதான் வயலில் கேட்பார்கள். பரவோட்டம் என்றால் கடைமடை விவசாயிக்கும் புரியும்.

இரண்டு, ஒரு கலைச்சொல் தனியாக வராது, குடும்பத்தோடுதான் வரும். தண்ணீர் இப்படி ஓடும்போது மேல்மண்ணைச் சீராக வழித்துக்கொண்டு போவதற்கும் ஷீட் என்றே சொல்கிறார்கள். அதற்குப் படரரிப்பு என்று எழுதுவீர்களா? படிக்கிறவர் மருந்துக்கடைக்குத்தான் போவார்.

சாலை அணையாகும் என்று எழுதியது அப்படியே உண்மை. நான் வேலையில் சேர்ந்த புதிதில், வடிகால் பாதையின் குறுக்கே ஒரு சாலைக்கு மண் அடித்தார்கள். சிறுபாலத்துக்குத் தண்ணீர் போக ஐந்து கண், அதாவது ஐந்து திறப்பு, கேட்டோம், இரண்டு கண்தான் வைத்தார்கள். அந்த ஐப்பசியில் மேல்புறத்து வயல் ஒன்பது நாள் முழுகிக் கிடந்தது. கீழ்ப்புறத்தில் தண்ணீர் இல்லாமல் கரையில் நின்று சண்டை. ஒரே சாலைக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் நான். கட்டுரையில் டாமியாமிச் சாலைக்கு எத்தனை கண் விட்டார்கள், ஏன் போதவில்லை என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

---

மறுமொழிக்கு மறுமொழி

அன்புள்ள ஐயா,

மிக்க நன்றி. கண் என்ற சொல்லை நான் மறந்தே போயிருந்தேன். 'சிறுபாலங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தேன். இனி அது 'கண்கள்'.

ஏன் போதவில்லை என்பதற்கு நீங்கள் கேட்ட வரி இது: பல மைல் அகலத்துக்கு வருகிற தண்ணீரைச் சில கண்களில் திரட்டி விட்டால், கண்ணுக்கு நேரே வேகமாகப் பாய்கிறது, இரண்டு கண்ணுக்கும் இடையே இருக்கும் கோரைக்குப் போய்ச் சேருவதில்லை. அகலம்தான் அதன் உயிர். அதனால்தான் கண்களைக் கூட்டுவதோடு நிற்காமல் சாலையையே தூக்க வேண்டி வந்தது.

படரரிப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்த வடிவத்தை விட்டுவிடுகிறேன். 'படர் மண்ணரிப்பு' என்று மண்ணைச் சேர்த்துச் சொன்னால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

பரவோட்டத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. வயலில் 'தண்ணி பரவிடுச்சா' என்று கேட்கும்போது, பரவி முடிந்ததா என்றுதான் கேட்கிறார்கள். நான்கு வரப்புக்குள் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது, மடையை அடைத்துவிடலாம். செய்தி பரவுகிறது, நோய் பரவுகிறது என்கிறபோதும் எல்லாத் திசையிலும் போகிறது. படர்தல் அப்படி அல்ல. அவரைக்கொடி பந்தலில் படர்வதைப் பாருங்கள். ஒரு குச்சியைப் பற்றி, அடுத்த குச்சிக்குப் போய், அகன்றுகொண்டே முன்னால் போகிறது. போவது கண்ணுக்குத் தெரியாது, மறுநாள் காலையில்தான் தெரியும். நான் பார்த்த இறகு தண்டுக்குத் தண்டு போனதும் அதே மாதிரிதான். படர்தாமரை இருக்கிறது என்பதற்காக இந்தச் சொல்லைத் தண்ணீருக்கு மறுக்க வேண்டாம், ஐயா.

இந்த இழையில் இன்னொருவர் டிரெய்னேஜ், ரெக்லமேஷன் இரண்டுக்கும் 'நில மீட்பு' என்றே போடலாமா என்று கேட்டிருந்தார். அது வேண்டாம். மீட்பது என்றால் முன்பு நம்மிடம் இருந்து போனதைத் திரும்ப வாங்குவது. அங்கே யாரும் எதையும் இழக்கவில்லை. வடித்தல், நிலவடிப்பு, வடிகால் என்ற நம் சொற்களே போதும். சோறு வடிக்கிற வீட்டில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சோற்றை வடித்தால் சோறு பானையிலேயே இருக்கும். அங்கே நிலமே போய்விட்டது. எவர்கிளேட்ஸின் மண், மக்கிய கோரையும் வேரும் ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீருக்கடியில் சேர்ந்து உண்டான கருமண். தண்ணீர் இருக்கும்வரை அதற்குக் காற்றுப் படாது. வடித்ததும் காற்றுப் பட்டது, நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கின. காய்ந்த பருவங்களில் தீயும் பிடித்தது. ஏரிக்குத் தெற்கே பெல் கிளேட் ஊரில் ஒரு வேளாண் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1924இல் அங்கே 9 அடி நீளக் கான்கிரீட் தூண் ஒன்றை அடிப்பாறைவரை இறக்கி, உச்சி தரைமட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி நட்டார்கள். இன்று அந்தத் தூண் ஆளுயரத்துக்கு வெளியே நிற்கிறது, 6 அடிக்கு மேல். தூண் எழும்பவில்லை, தரை இறங்கியிருக்கிறது. சுற்றிலும் கரும்பு. கீழே மிச்சம் இருக்கிற மண்ணின் ஆழத்தை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் போன வழியும் ஒரு வார்த்தை. ஏரிக்கு வடக்கே கிஸ்ஸிமி ஆறு வளைந்து வளைந்து 103 மைல் ஓடியது. 1962க்கும் 1971க்கும் இடையில் ராணுவப் பொறியாளர்கள் அதை 56 மைல் நேர்வாய்க்காலாக்கினார்கள். வெள்ளம் வடிந்தது, பறவைகளும் போயின. பிறகு அதே அமைப்பே 1999இல் தொடங்கி வாய்க்காலின் ஒரு பகுதியைத் தூர்த்து, பழைய வளைவுகளில் தண்ணீரைத் திருப்பியது. வெட்டுவதற்கு ஒன்பது வருடம், தூர்ப்பதற்கு இருபது வருடத்துக்கு மேல். 2000ஆம் ஆண்டில் எவர்கிளேட்ஸ் முழுவதையும் சீர்செய்ய 780 கோடி டாலர் மதிப்பில் ஒரு திட்டம் சட்டமாயிற்று. அதன் மையமே, தண்ணீரைத் திரும்பவும் அகலமாகத் தெற்கே அனுப்புவதுதான். அதற்கான சொல்லைத்தான் நாம் இங்கே தேடிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன். ஐயாவும் மற்றவர்களும் ஒரு முறை பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிடுகிறேன்.

> மழைக்காலத்தில் ஓகிச்சோபி ஏரியிலிருந்து வழியும் நீர், வாள்கோரைக்கு ஊடே படர்ந்தோடித் தெற்கே கடலை அடைந்தது. இந்தப் படரோட்டத்தின் குறுக்கே 1928இல் டாமியாமிச் சாலை அமைந்தது. சாலைக்கடியில் விட்ட கண்கள் நீரைத் திரட்டிப் பாய்ச்சினவேயன்றிப் படரவிடவில்லை. எனவே 2013 முதல் சாலையின் சில பகுதிகள் பாலங்களாக உயர்த்தப்பட்டன.

'பாய்ச்சினவேயன்றி' கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. யாராவது இளக்கிக் கொடுங்கள்.